செங்கோட்டை பாசஞ்சரில் பாட்டுக் கேட்க ஒரு இயர்போன்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காலையில் ரயில், சாயங்காலம் பெரும்பாலும் பஸ். போக வர தினமும் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்துக்குப் பாட்டுதான் துணை. இதுவரை வாங்கிய இயர்போன்களில் மூன்று மேஜை டிராயரில் சும்மா கிடக்கின்றன. எதுவும் கெட்டுப்போகவில்லை. பஸ் சத்தத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முதல் இயர்போனை மாட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினால் பாட்டே கேட்காது. முன்னீர்பள்ளம் தாண்டுவதற்குள் ஒரு படி கூட்டுவேன். பத்தமடையில் இன்னும் இரண்டு படி. வீரவநல்லூர் வரும்போது முழுச் சத்தத்தில் இருக்கும். சில மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் ராத்திரி படுத்தபோது காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன், அது நிற்கவில்லை. இரண்டு நாளில் தானாகச் சரியானது. ஆனால் அந்த இரண்டு நாள் பயம் இன்னும் மறக்கவில்லை. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் இயர்போன் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். வெளியே இரைச்சல் குறைந்தால் பாட்டைக் குறைத்து வைத்தே கேட்கலாம். இனி சொல்வது எல்லாமே அந்த ஒரு காரியத்துக்காக.

முதலில் உங்கள் வழியில் இருக்கும் சத்தத்தைக் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒருநாள் காதில் எதுவும் மாட்டாமல் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து போய் வாருங்கள். எந்தச் சத்தம் தொந்தரவு தருகிறது என்று கவனியுங்கள்.

சத்தங்களைச் சுமாராக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, இடைவிடாமல் ஒரே மாதிரி வரும் அடித்தொனி. பஸ் எஞ்சினின் ‘ம்ம்ம்’ என்ற உறுமல், டயர் சாலையில் உருளும் ஓசை, ஏ.சி. பஸ்ஸில் காற்று வரும் இரைச்சல் இதில் சேரும். இன்னொன்று, திடீர் திடீரென்று வருவதும் கீச்சென்று உயர்ந்து ஒலிப்பதும். ஏர் ஹாரன், ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு, பக்கத்து சீட்டுப் பேச்சு, குழந்தையின் அழுகை எல்லாம் இந்த வகை. மினி பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் டிரைவர் போடும் பாட்டு இரண்டிலும் சேரும். நீங்கள் கேட்கும் பாட்டோடு நேராக மல்லுக்கு நிற்பது அதுதான்.

செங்கோட்டை லைனில் போகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: காற்று. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ரயில் ஜன்னலில் எப்படி அறையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளியூர், பணகுடிப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இயர்போன் வாங்கும்போது இது ஏன் முக்கியம் என்று அடுத்து வருகிறேன்.

அடைப்பதா, எதிர் அலையா

சத்தத்தைத் தடுக்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, காதுத் துளையை ரப்பரோ ஃபோமோ வைத்து நன்றாக அடைத்துவிடுவது. இதற்கு பேட்டரி தேவையில்லை. பேச்சு, கண்ணாடிக் கடகடப்பு, ஹாரனின் கூர்மை போன்ற உயர்ந்த சத்தங்களை இது நன்றாகக் குறைக்கும். இந்த வழியில் வெகுதூரம் போனது அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம். 1991-இல் வந்த அவர்களுடைய இஆர்4 இயர்போனில் மூன்று அடுக்கு ரப்பர் இருக்கும், குட்டிக் கோபுரம் மாதிரி. காதுக்குள் ஆழமாகப் போய் உட்காரும். 35 முதல் 42 டெசிபெல் வரை சத்தத்தைக் குறைக்கும் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. அவ்வளவு ஆழமாகச் செருகுவது எல்லோருக்கும் பிடிக்காது. ஆனாலும் வெறும் ரப்பரால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இரண்டாவது வழி ஏஎன்சி, அதாவது ‘ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்’. இயர்போனில் இருக்கும் சிறிய மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் சிப் அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி உங்கள் காதுக்கு அனுப்பும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரவிவிடும். எஞ்சின் உறுமல் மாதிரி சீராக வரும் அடித்தொனிக்கு இது அருமையாக வேலை செய்யும். திடீரென்று அடிக்கும் ஹாரனிடம் அவ்வளவாகப் பலிக்காது. டப்பாவில் ‘40 டெசிபெல் வரை’ என்று போட்டிருந்தால், ஏதோ ஒரு குறிப்பிட்ட தொனியில் அதிகபட்சமாகக் கிடைத்த அளவு அது. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்று விஷயம் இங்கேதான் வருகிறது. ஏஎன்சி மைக் வெளியே பார்த்தபடி இருப்பதால், ஜன்னல் காற்று அதன்மேல் மோதும்போது அதையும் சத்தமாக எடுத்து உள்ளே அனுப்பிவிடும். ஆடி மாதம் ஜன்னல் சீட்டில் ஏஎன்சியைப் போட்டால், காதுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி புஸ்புஸ் என்று கேட்கும். சில மாடல்களில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கத் தனி அமைப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் ஏஎன்சியை அணைத்துவிட்டு ரப்பரை நம்ப வேண்டியதுதான்.

என் யோசனை இது. நாள் முழுக்க ஏ.சி. பஸ்ஸிலோ காரிலோ போகிறவர்களுக்கு ஏஎன்சி காசுக்கேற்ற பலன் தரும். ஜன்னல் திறந்த பஸ், ரயில் என்றால் முதலில் நன்றாக அடைக்கும் இயர்போனாகப் பாருங்கள், ஏஎன்சி அதற்கு மேல் வந்தால் சந்தோஷம். காதில் ரப்பரே இல்லாமல் சும்மா தொங்குகிற மாடலில் ஏஎன்சி இருந்தாலும் பஸ்ஸுக்கு அது போதாது.

டப்பாவில் உள்ள எழுத்தைப் பாருங்கள்

என் இரண்டாவது இயர்போன் டிராயருக்குப் போனதற்கு ஒரே ஒரு எழுத்துதான் காரணம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டேன்.

“அண்ணாச்சி, இதுல ஏஎன்சி இருக்கா?”

“இருக்கு தம்பி. டப்பாலயே போட்டிருக்குல்லா, பாருங்க.”

டப்பாவில் போட்டிருந்தது இஎன்சி. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இஎன்சி என்பது நீங்கள் போனில் பேசும்போது உங்கள் பக்கத்துச் சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் செய்கிற வசதி. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. விலை குறைந்த நெக்பேண்டுகளிலும் பட்ஸ்களிலும் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் ‘அழைப்புகளுக்கு’ என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் காசை எடுக்காதீர்கள்.

‘எக்ஸ்ட்ரா பேஸ்’, ‘13 மி.மீ. டிரைவர்’ இவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம். டிரைவர் என்பது இயர்போனுக்குள் ஒலியை உண்டாக்கும் பாகம். அது பெரிதாக இருந்தால் வெளிச் சத்தம் நன்றாக அடைபடும் என்று கிடையாது. வியர்வைக்கும் சாரலுக்கும் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். ஐபிஎக்ஸ் 4 என்று இருந்தால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். குற்றாலச் சாரலுக்குள் தினமும் போய் வருகிறவர்களுக்கு இது தேவை.

வயரா, நெக்பேண்டா, பட்ஸா

இதை ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு நெக்பேண்டு வசதி. கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போது காதிலிருந்து எடுத்தால் கழுத்தில் தொங்கும். தனித்தனி பட்ஸில் ஒன்று சீட்டுக்கு அடியில் விழுந்தால், அவ்வளவு கால்களுக்கு நடுவே தேடி எடுப்பது கஷ்டம். ஜன்னல் பக்கம் விழுந்தால் போனதுதான்.

வயர் உள்ளதில் சார்ஜ் கவலை கிடையாது, அதே விலைக்கு ஒலியும் பொதுவாக மேலாக இருக்கும். 1000 முதல் 2000 ரூபாய்க்குள் வயரைத் தனியாகக் கழற்றி மாற்றும் மாடல்கள் கிடைக்கின்றன. முதலில் அறுந்துபோவது வயர்தான் என்பதால் அந்த வகை ரொம்பக் காலம் உழைக்கும். உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். வயரில் ஒரு தொல்லை இருக்கிறது: சட்டையில் உரசும்போது ‘டொக் டொக்’ என்று காதுக்குள் கேட்கும். காது எவ்வளவுக்கு அடைபட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அது பெரிதாகக் கேட்கும். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கமாக விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஏஎன்சி உள்ள பட்ஸ் 2000 ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது. அவற்றின் குட்டி பேட்டரியை மாற்ற முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் சார்ஜ் நிற்கும் நேரம் குறைய ஆரம்பிக்கும்.

ரப்பர்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

அடைக்கிற இயர்போனாகத் தேர்ந்தெடுத்து வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவுக்குள் ஒரு சின்னப் பையில் மூன்று அளவு ரப்பர் இருக்கும். பலர் அந்தப் பையைப் பிரிப்பதே இல்லை. ஏற்கெனவே மாட்டி வந்த நடு அளவோடு காலத்தை ஓட்டிவிட்டு, ‘இது சரியில்லை’ என்று அடுத்ததை வாங்கப் போவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் டிராயரில் கிடக்கும் மூன்றாவது இயர்போன் உண்மையில் நல்ல இயர்போன். ரப்பர் அளவுதான் தப்பு. அது தெரிவதற்குள் நான் வேறு வாங்கிவிட்டேன். அதனால் இந்த வேலைக்கு வீட்டில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம்.

வலது காதில் மாட்டும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடியுங்கள். காதுத் துளை நேராகும். வலது கையால் இயர்போனை மெதுவாகத் திருகினாற்போல உள்ளே வையுங்கள். மடலை விடுங்கள். அடுத்த காதுக்கும் இதே மாதிரி, கையை மாற்றி.

இப்போது பாட்டு எதுவும் போடாமல் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கினால் நன்றாக அடைபட்டிருக்கிறது. ஒரு காதில் முழங்கி மறு காதில் சாதாரணமாகக் கேட்டால், சாதாரணமாகக் கேட்கும் பக்கம் ஓட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் ஒரு அளவு பெரிய ரப்பர் போடுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. எனக்கு வலது பக்கம் நடு அளவு, இடது பக்கம் பெரியது. பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள், கொட்டாவி விடுங்கள். அப்போதும் அடைப்பு விடாமல் இருந்தால்தான் அது சரியான அளவு.

பெரிய ரப்பர்தான் நன்றாக அடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் உள்ளே போகாமல் வாசலிலேயே மடங்கி நிற்கும், ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும்.

எந்த ரப்பரும் ஒத்துவரவில்லையென்றால் ஃபோம் வாங்குங்கள். விரலால் உருட்டிச் சுருக்கி, காதில் வைத்து, அரை நிமிஷம் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மெதுவாக விரிந்து உங்கள் காதின் உருவத்துக்கே பொருந்தும். அடைப்பதில் ஃபோமுக்கு ஈடு இல்லை. குறையும் இருக்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வை ஊறி அரிக்கும், சில மாதத்தில் விரியும் தன்மை போய்விடும், ஒலியின் கூர்மையும் ஒரு சொட்டு மழுங்கும். வாங்கும்போது உங்கள் இயர்போன் குழலின் பருமனுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் எல்லாவற்றுக்கும் சேராது.

அடைப்பு சரியா என்று பாட்டை வைத்தும் சோதிக்கலாம். நான் இதற்கு வைத்திருப்பது ஒரு கோயில் கொடை வில்லுப்பாட்டின் பதிவு. குடத்தின் அடி கீழே, பாடுகிறவரின் குரல் நடுவே, வில் மணியும் ஜால்ராவும் மேலே என்று எல்லாத் தொனியும் அதில் இருக்கிறது. குடத்தின் ‘கும்’ மட்டும் காணாமல் போனால் ரப்பர் ஓரத்தில் காற்று கசிகிறது என்று அர்த்தம். பேஸ் இல்லை என்று ஈக்வலைசரில் கூட்டுவதற்கு முன் ரப்பரைச் சரிசெய்யுங்கள். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பதிவும் இந்தச் சோதனைக்கு நன்றாக இருக்கும். ரயில் காருகுறிச்சியில் நிற்கும்போது அந்த ஊர் அருணாசலத்தின் நாகஸ்வரத்தை, சத்தத்தைக் கூட்டாமல், ஒவ்வொரு அசைவும் தெளிவாகக் காதில் விழக் கேட்ட காலை ஒன்று எனக்கு உண்டு. இவ்வளவு மெனக்கெட்டதற்கு அது போதும்.

பஸ்ஸில் ஒருநாள் சோதனை

வீட்டில், ராத்திரி அமைதியாக இருக்கும்போது, உங்களுக்குச் சுகமாகக் கேட்கும் சத்த அளவை வையுங்கள். போனில் அது எத்தனையாவது படி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பஸ்ஸில் அதே பாட்டு, அதே படி. போதவில்லை என்றால் ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். 15 படி உள்ள போனில் இரண்டு, மிஞ்சினால் மூன்று படிக்குள் சரியாகிவிட்டால் உங்கள் இயர்போன் தன் வேலையைச் செய்கிறது. ஐந்து ஆறு படி ஏற்ற வேண்டியிருந்தால் திரும்பவும் ரப்பருக்கே போங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் இயர்போனை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

இதற்காகவே வாங்கும்போது திருப்பித் தரும் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குள் போகிற பொருள் என்பதால் பல இடங்களில் பெட்டியைப் பிரித்தபின் பணம் திரும்பத் தர மாட்டார்கள், பழுது இருந்தால் மாற்றித் தருவதோடு சரி. வண்ணார்பேட்டைப் பக்கம் உள்ள பெரிய ஷோரூம்களில் மாட்டிப் பார்க்க மாதிரி வைத்திருந்தால், உங்கள் பழைய இயர்போனின் ரப்பரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதை மாட்டிக் கேட்கலாம். ஊரார் காதில் போன ரப்பரை உங்கள் காதில் வைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம், 89-இல் 5 மணி நேரம்தான். என் கணக்கில் தினம் இரண்டரை மணி நேரம், வாரம் ஆறு நாள், ஆக 15 மணி நேரம். 83 வரைக்கும் எனக்குப் பாதகமில்லை, 86 போனால் எல்லை தாண்டிவிடுகிறேன். பஸ்ஸில் போட்டியாகக் கூட்டிக் கூட்டி வைக்கும்போது 80-இலிருந்து 86-க்கு அந்த ஆறு டெசிபெல் எப்போது ஏறியது என்றே தெரியாது. இப்போது பல போன்களில் இயர்போன் சத்தத்தைக் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள், எச்சரிக்கை வந்தால் தள்ளிவிடாதீர்கள்.

ராத்திரி காதுக்குள் சத்தம் கேட்டாலோ, எதிரே பேசுகிறவரிடம் ‘என்ன, என்ன’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஆனாலோ, இயர்போனை எடுத்து வைத்துவிட்டுக் காது டாக்டரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சீழ் வடியும் காது, புண் உள்ள காது என்றால் அது ஆறும்வரை காதுக்குள் எதையும் செருகக் கூடாது.

எப்போது கழற்ற வேண்டும்

நன்றாக அடைக்கும் இயர்போன் பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் அடைத்துவிடும். சீட்டில் உட்கார்ந்திருக்கும் வரைதான் அது உங்களுக்கு. ஸ்டாப் வருவதற்கு முன்பே இரண்டு காதிலிருந்தும் எடுத்துப் பையில் வைத்துவிட்டு இறங்குங்கள். ரோட்டைக் கடக்கும்போது, ரயில்வே கேட் அருகே, பைக்கிலோ ஸ்கூட்டியிலோ ஏறும்போது வேண்டவே வேண்டாம். ‘ஒரு காதில் மட்டும்’ என்பதும் வேண்டாம். பின்னால் வரும் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தப் பழக்கத்தையே விட வேண்டும். காதில் இதை வைத்துக்கொண்டு கடப்பது உயிரோடு விளையாடுவது.

சனி, ஞாயிறு வேலை

வாரம் ஒருமுறை ரப்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காய வைத்து மாட்டுங்கள். ஃபோமைத் தண்ணீரில் போடக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். குழலின் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையில் அழுக்கு அடைத்தால் ஒரு பக்கம் சத்தம் குறைந்து கேட்கும். பலர் இயர்போன் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவது இதனால்தான். சல்லடை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு காய்ந்த மென்மையான பல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், குண்டூசியால் குத்தாதீர்கள். புது ஃபோம் மாட்டும் நாளை டப்பாவின் மூடியில் பேனாவால் எழுதி வைக்கிறேன். உருட்டி விட்டபின் முன்போல விரியவில்லை என்று தோன்றும்போது அந்தத் தேதியைப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று மாதம் தாண்டியிருக்கும்.